ஆட்டுக்குட்டி என்றால் உடனே கடிதம்: எங்கள் மாதர் சங்கம் வெளிநாட்டு நிதி எடுத்த பாடு

ஒருவழியாக முதல் தவணைப் பணம் சங்கத்தின் கணக்குக்கு வந்துவிட்டது. இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு ஊர்ச் சங்கம் ஜனநாயகம், பெண் சமத்துவம் என்ற தலைப்பில் வெளிநாட்டு நிதி எடுப்பது எப்படி என்று பக்கத்து ஊர்ச் சங்கக்காரர் இப்போது போன் எடுத்தபடி இருக்கிறார்கள். எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். முன்மொழிவு எழுதுவதைப் பற்றி இதில் பெரிதாக இருக்காது. அதைச் சொல்லித்தரப் பயிற்சிப் பட்டறை நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர். நாங்கள் இழுபட்டது அதற்குப் பிறகு.

முதலில் பணம் எங்கே கேட்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேயே பலரின் நேரம் போகிறது. பெரிய கொடையாளரிடம் நேரே போவது எங்களைப் போன்ற சங்கங்களுக்குச் சரிவராது. ஐக்கிய நாடுகள் ஜனநாயக நிதியம் என்று ஒன்று 2005இலிருந்து இருக்கிறது, உள்ளூர் சிவில் அமைப்புகளுக்குத்தான் அதிகம் கொடுக்கிறது, கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே தொகையே 100,000 டொலரில் தொடங்கி 300,000 வரை போகும், விண்ணப்பம் ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் போட வேண்டும். ஒரு இலட்சம் டொலரை எங்கள் பொருளாளர் அக்கா எந்தக் கொப்பியில் எழுதுவார்? எங்களுக்கு உபமானியம்தான் வழி. ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியம் எடுத்த பெரிய அமைப்பு, ஒப்பந்தம் இடம் கொடுத்தால், அதில் ஒரு பகுதியைச் சின்னச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு சங்கத்துக்கு வழமையான உச்சம் 60,000 யூரோ. ஊருக்கு வந்து சேர்வது அதில் ஒரு துணுக்கு, சில இலட்சம் ரூபாய். எங்களுக்கு அதுவே தாராளம்.

இதிலும் இப்போது அடிபிடி. 2025 ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தி உத்தரவு போட்டார், அதே வருடம் ஜூலை 1உடன் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யூஎஸ்எயிட்டின் கதையும் முடிந்தது. அதை நம்பியிருந்த அமைப்புகளெல்லாம் ஐரோப்பியப் பணத்தின் பக்கம் திரும்பிவிட்டன. முன்பு எங்களைப் போன்றவர்கள் மட்டும் எட்டிப் பார்த்த சின்ன மானியங்களுக்கு இப்போது கார் வைத்திருக்கிற அமைப்புகளும் விண்ணப்பம் போடுகின்றன. ஆகவே அழைப்பு வந்த பிறகு தாள் தேடலாம் என்று இருந்தால் ஆகாது.

நாங்கள் கேட்டது சின்ன விடயம். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 பெப்ரவரி 10 தேர்தலில்தான் முதல் தடவையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் நாடு முழுவதும் எடுத்தாலும் 2 வீதம்கூட இல்லை. 2025 மே 6 தேர்தலும் அதே ஒதுக்கீட்டோடுதான் நடந்தது. சரி, பெண்கள் சபைக்குள் போய்விட்டார்கள். ஊரில் இருக்கிற மற்றப் பெண்களுக்கோ அந்தச் சபை என்ன செய்கிறது, பாதீட்டில் எங்கள் ஒழுங்கைக்கு ஏதாவது இருக்கிறதா, தெருவிளக்கு எரியாவிட்டால் யாரைப் பிடிப்பது என்று ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுத்து, பெண் உறுப்பினர்களை ஊருக்குக் கூப்பிட்டு நேருக்கு நேர் கதைக்க வைப்பதுதான் திட்டம். தெரிவும் நேர்காணலும் சூமில் சுகமாக முடிந்தன.

ஒப்பந்தம் போட முன்னர், எங்களுக்கு உபமானியம் தர இருந்த கொழும்பு அமைப்பு மூன்று தாள் கேட்டது: சங்கத்தின் பதிவும் யாப்பும் (சங்கத்தின் விதிகள்), வணிக வங்கிக் கணக்கு, திட்டத்துக்குப் பிரதேச செயலகத்தின் கடிதம். அங்கிருந்துதான் வினை தொடங்கியது.

எங்கள் யாப்பு மீள்குடியேறிய காலத்தில் யாரோ அச்சடித்துக் கொடுத்த மாதிரிப் படிவம். நோக்கங்கள் என்ற பகுதியில் சேமிப்பு, சுழற்சிக் கடன், கோழி, ஆடு, வீட்டுத்தோட்டம், சிரமதானம் என்று இருக்கும். கொழும்பிலிருந்து திட்டத்தைப் பார்க்கிற தம்பி போன் எடுத்தார். "அக்கா, உங்கட யாப்பில உரிமை, ஆளுகை எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. நோக்கத்தில இல்லாத வேலைக்குக் காசு குடுத்தால் ஓடிட்காரர் விடமாட்டினம்." திருத்த வேண்டும். திருத்துவதற்குப் பொதுக்கூட்டம், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர், பிரதேச செயலக உத்தியோகத்தரின் பிரசன்னம். அப்போது பார்த்துக் காலபோக நெல் வெட்டு. வயலுக்குப் போகாத நாளைப் பிடித்தால் அது நுண்கடன்காரர் கிழமைக் காசு வாங்க வருகிற நாள், அன்றைக்குப் பாதிப் பெண்கள் வீட்டிலும் இருக்கமாட்டார்கள், கூட்டத்துக்கும் வரமாட்டார்கள். இது கொழும்பில் யாருக்கும் தெரியாது. பயிற்சி நாள் குறிக்கும்போதும் கடன்காரர் வருகிற நாளைக் கேட்டுவிட்டுக் குறியுங்கள்.

உத்தியோகத்தர் கெட்டவர் இல்லை. திருத்தத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஏன் பிள்ளை உந்த ஜனநாயகம், உரிமை எல்லாம்? வாழ்வாதாரம் எண்டு போடுங்கோ, நாளைக்கே கடிதம் தாறன். ஆட்டுக்குட்டி குடுக்கிறது எண்டால் ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்."

அவர் சொன்னது அவ்வளவும் உண்மை. போர் முடிந்த கையோடு வடக்கில் ஜனாதிபதி செயலணியின் அனுமதி இல்லாமல் எந்த அமைப்பும் வேலை செய்ய முடியாது என்ற காலம் ஒன்று இருந்தது. வீடு, கிணறு, மலசலகூடம் என்றால் விடுவார்கள், உளவளத்துணை, உரிமைப் பயிற்சி என்றால் இழுத்தடிப்பார்கள். அந்த அனுமதி முறை போய்விட்டது, மேசைகளில் பழக்கம் மட்டும் இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பிய ஒன்றியம் ஜனநாயகம், மனித உரிமை என்று ஒதுக்கி வைத்திருக்கிற நிதியை அந்தந்த நாட்டு அரசாங்கத்தின் சம்மதம் இல்லாமலேயே கொடுக்கலாம், அவர்களுடைய சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. பிரசல்சில் இருக்கிற ஒன்றியத்துக்குச் சம்மதம் தேவையில்லை. எங்களுக்குப் பொதுநோக்கு மண்டபத்துத் திறப்பு எடுக்கவே கடிதம் தேவை.

இந்த இடத்தில் பலர் செய்வது என்ன என்று எல்லோருக்கும் தெரியும்: செயலகத்துக்கு வாழ்வாதாரம் என்று ஒரு தாள், காசு தருகிற டோனருக்கு ஜனநாயகம் என்று ஒரு தாள். தயவுசெய்து செய்யாதீர்கள். கணக்காய்வுக்கு வருகிறவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், பிறகு கொடுத்த காசைத் திருப்பிக் கேட்பார்கள், சங்கத்தின் பேரும் கெடும். எங்கள் தலைவியின் மகள் கம்பஸில் படிக்கிறாள், அவள்தான் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை எடுத்துக் காட்டினாள். உள்ளூர் நிருவாகத்திலும் அபிவிருத்தியிலும் தீர்மானம் எடுப்பதில் மக்கள் பங்குபற்றுவதற்குக் கூடிய வாய்ப்புக் கொடுக்கத்தான் இந்தச் சபைகள் என்று அதன் முகப்பிலேயே இருக்கிறது. "பிரதேச சபைகள் சட்டம் கூறுகிறவாறு உள்ளூர்த் தீர்மானங்களில் பெண்கள் சமமாகப் பங்குபற்ற உதவுதல்" என்று ஒரே வரியாக யாப்பில் போட்டோம். அரசாங்கத்தின் சட்டத்தை அரசாங்க உத்தியோகத்தர் எப்படி வெட்டுவார்? கையெழுத்து விழுந்தது. கொழும்புக்கும் அதே வரி போதுமாக இருந்தது.

கடிதம் மட்டும் வரவில்லை. "மேல அனுப்பியிருக்கு" என்றார்கள். மேலே கேட்டால் "கீழயிருந்து இன்னும் வரேல்லை." ஒப்பந்தத் திகதி நெருங்க நெருங்க எனக்கு நித்திரை இல்லை. பிறகு ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கவென்று திட்டத்திலேயே இருந்த ஆயுதத்தை எடுத்தோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எங்கள் கோப்பு இன்றைய திகதியில் யாருடைய மேசையில் இருக்கிறது, எப்போது வந்தது என்று மட்டும் கேட்டு எழுதித் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்து, கிடைத்ததற்கு அத்தாட்சிச் சீட்டும் வாங்கிக்கொண்டோம். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை, ஆனால் அந்த 14 நாள் முடிய முன்னரே செயலகத்தின் கடிதம் வந்துவிட்டது. ஏன் தாமதம் என்று கேட்காதீர்கள், அது சண்டைக்கு இழுப்பது போல ஆகிவிடும். கோப்பு எங்கே என்று கேளுங்கள்.

இனி வங்கி. எங்கள் கணக்கு தொடக்கத்திலிருந்தே கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியில்தான். கொழும்பு அமைப்போ வணிக வங்கிக் கணக்குத்தான் வேண்டும் என்றது. டவுனுக்குப் போனோம். கையெழுத்துக்காரர் மூவரில் உப செயலாளர் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார், அவரை எடுத்து இன்னொருவரைப் போட நிருவாகக் கூட்டத் தீர்மானம், அதன் பிரதி, அதற்குச் சீல். இது நடக்கும் என்று தெரியும், நடந்தது. எதிர்பாராதது முகவரிக்கான அத்தாட்சி.

பொருளாளர் அக்கா கரண்ட் பில் கொண்டுவந்திருந்தார். பில் கணவரின் பெயரில். போர் முடிந்த 2009க்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. காணி அவர் பெயரில் இருந்ததால் இணைப்பும் அவர் பெயரிலேயே வந்தது. கவுண்டரில் இருந்த பிள்ளை சின்னப் பிள்ளை. "இது ஆர் அக்கா?" "என்ர அவர்." "அப்ப, இவ என்ர வீட்டிலதான் இருக்கிறா எண்டு அவரிட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ." அக்கா ஒன்றும் பேசவில்லை. கைப்பைக்குள் இருந்த பொலித்தீன் உறையை அவிழ்த்து, அவரைத் தேடி ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த முறைப்பாட்டுப் பிரதிகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டிய தாள்கள். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் பார்த்தது. பார்த்துவிட்டு, "இதில முகவரி இருக்குத்தான் அக்கா, ஆனால் மூண்டு மாதத்துக்குள்ள எடுத்த தாளா இருக்கோணும்" என்றது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்காதான் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். காணாமற்போனவருக்குச் சான்றிதழ் எடுக்க 2016இல் சட்டம் வந்திருக்கிறதே, அதை எடுத்துவிடலாமே என்று பிறகு ஒருவர் புத்தி சொன்னார். எடுப்பதும் விடுவதும் அக்காவின் விருப்பம், ஒரு வங்கிக் கணக்குக்காக யாரும் அதைச் சொல்லத் தேவையில்லை. எங்களுக்கு வேலை முடித்தது கிராம சேவையாளரின் வதிவிடச் சான்றிதழ், பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு. பெண்கள் குடும்பத்தைக் கொண்டு நடத்துகிற எங்கள் பக்கத்துச் சங்கங்கள் எல்லாம், கையெழுத்துக்காரர் மூவருக்கும் அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டே வங்கிக்குப் போங்கள். கரண்ட் பில்லைக் காட்டவே காட்டாதீர்கள்.

அதற்குப் பிறகும் ஒரு சுற்று இருந்தது. பணம் எங்கிருந்து வரும் என்று வங்கி கேட்டது, ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னது. ஒப்பந்தம் எழுதக் கணக்கிலக்கம் வேண்டும் என்று கொழும்பு சொன்னது. "இந்தச் சங்கம் தெரிவுசெய்யப்பட்டுள்ளது, கணக்குத் திறந்ததும் ஒப்பந்தம் கைச்சாத்திடப்படும்" என்று இரண்டு வரி கடிதத் தலைப்பில் வாங்கிக் கொடுத்த பிறகுதான் முடிந்தது. அந்தக் கடிதத்தைத் தெரிவான அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பணம் வந்த பிறகு வருகிற தலையிடி வேறு விதம். முதல் கூட்டத்துக்குத் தேநீரும் ரோல்சும் வாங்க மூன்று கடையில் விலை கேட்டு எழுத்தில் எடுக்க வேண்டுமாம். எங்கள் ஊரில் இருப்பது ஒரு கடை. அந்தக் கடைக்காரருக்குப் பில் புத்தகமும் இல்லை. கடைசியில் சங்கமே டவுனில் ஒரு வவுச்சர் புத்தகம் வாங்கி, கடைக்காரரின் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக் கையெழுத்து எடுத்தது. மூன்று விலை கேட்பதற்குப் பதிலாக, இந்தக் கிராம சேவையாளர் பிரிவில் வேறு கடை இல்லை என்று ஒரு குறிப்பு எழுதி முன்கூட்டியே கொழும்பின் ஒப்புதல் எடுத்துவிட்டோம். செலவழித்த பிறகு எழுதினால் ஏற்கமாட்டார்கள்.

கூட்டம் நடந்த அன்று சிவில் உடையில் இரண்டு பேர் வந்து மண்டப வாசலில் நின்றார்கள். வரவுப் பதிவேட்டைப் போட்டோ எடுக்கக் கேட்டார்கள். நாங்கள் பிரதேச செயலகத்தின் கடிதத்தைக் காட்டினோம், பதிவேடு சங்கத்தின் ஆவணம், எழுத்தில் கேட்டால் நிருவாகத்தில் வைத்துப் பதில் சொல்கிறோம் என்று தலைவி சொன்னார். குரலை உயர்த்தாமல், தேநீரும் கொடுத்துத்தான் சொன்னார். போய்விட்டார்கள். அதற்குப் பிறகு பதிவேட்டில் போன் இலக்கப் பகுதியை எடுத்துவிட்டோம், டோனர் கேட்பது பெயரும் கையெழுத்தும்தான்.

கடைசித் தவணை, அறிக்கையும் கணக்கும் ஏற்றுக்கொண்ட பிறகுதான் வரும். அதுவரை செலவு சங்கத்தின் கைக்காசில், ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன்னர் அது எத்தனை வீதம் என்று பார்த்துப் பேசுங்கள். நாங்கள் கேட்டதும் கொஞ்சம் குறைத்தார்கள். யாப்புத் திருத்தத்தின் பிரதி வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பொதுக்கூட்டத்தை மட்டும் வெட்டுக்கு முன்னரே வையுங்கள்.