சியால்டாவிலிருந்து சால்ட் லேக் வரை: ஒரு போரோ மேட்ச் நாள்

2023 ஆகஸ்ட் 12 அன்று பிற்பகல், கொல்கத்தாவின் சியால்டா மெட்ரோ நிலையத்தின் நகரும் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் நின்றிருந்த எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் சட்டென்று திரும்பி, தலைக்கு மேலே இருந்த ரயில் நிலையத்தைச் சுட்டிக்காட்டி, "அங்கேதான் நாங்கள் பதினொரு நாள் படுத்திருந்தோம்" என்றார். சிவப்பும் தங்க நிறமும் கலந்த ஒரு துண்டு அவர் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. வெயில் கொளுத்திய அந்த மதிய வேளையில் கம்பளி நூலால் பின்னிய துண்டை அணிந்துகொண்டு அவர் புறப்பட்டதைக் கண்டு, வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் என் அலுவலக நண்பரின் தந்தை. வங்காளிகளின் வழக்கப்படி நானும் அவரைக் காக்கு, அதாவது சித்தப்பா, என்று அழைத்தேன். 1950இல் கிழக்கு வங்கத்தின் பரிசாலிலிருந்து ஐந்து வயதுச் சிறுவனாக வந்தவர். பிரிவினைக்குப் பின் எல்லை கடந்து வந்த லட்சக்கணக்கானோருக்குச் சியால்டாவின் நடைமேடைகள்தான் முதல் தங்குமிடமாக இருந்தன. பிறகு தெற்குக் கொல்கத்தாவில் அகதிகளே குடியேறி உருவாக்கிய பிஜோய்கர் காலனியில் அவர் குடும்பம் கூரை போட்டுக்கொண்டது. ஊரும் வயலும் ஆறும் எல்லைக்கு அப்பால் போய்விட்ட பிறகு, அந்த ஊரின் பெயரைத் தாங்கி இந்தப் பக்கத்தில் எஞ்சியிருந்த ஒன்று கால்பந்துக் கிளப். அதன் பெயர் ஈஸ்ட் பெங்கால்.

நான் சென்னையில் நேரு விளையாட்டரங்கில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துப் பழகியவன். மோகன் பாகனும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் ஆட்டத்தை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. செய்தித்தாள்கள் இதைக் கொல்கத்தா டெர்பி என்று எழுதுகின்றன. அந்த ஊர்க்காரர்களுக்கு இது போரோ மேட்ச், அதாவது பெரிய ஆட்டம், அவ்வளவுதான். 1925இல் தொடங்கிய இந்தப் போட்டியில் மோகன் பாகன் பக்கம் நிற்பவர்கள் பெரும்பாலும் மேற்கு வங்கத்தையே பூர்வீகமாகக் கொண்டவர்கள். அவர்களைக் கொட்டி என்றும், கிழக்கிலிருந்து வந்தவர்களைப் பாங்கால் என்றும் சொல்வார்கள். இரண்டு சொற்களிலும் ஒரு காலத்தில் ஏளனம் இருந்தது. இன்று இரு தரப்பாரும் அவற்றைத் தாங்களே பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்த ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களின் மனநிலை மிகவும் தாழ்ந்திருந்தது. 2019 ஜனவரிக்குப் பிறகு அவர்கள் ஒரு போரோ மேட்சில்கூட வென்றிருக்கவில்லை; தொடர்ச்சியாக எட்டுத் தோல்விகள். அந்த வரிசையின் முதல் தோல்வி 2020 ஜனவரி 19 அன்று நேர்ந்தது. குடியுரிமைச் சட்டம் பற்றிய விவாதம் நாடெங்கும் கொதித்துக்கொண்டிருந்த அந்த நாளில், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் அரங்கின் ஒரு பகுதியை மறைக்கும் அளவுக்குப் பெரிய பதாகை ஒன்றை விரித்தார்கள். இந்த மண் இரத்தம் கொடுத்து வாங்கியது, காகிதம் காட்டி வாங்கியதல்ல என்ற பொருளில் அதில் எழுதியிருந்தது. அந்த ஆட்டத்தில் மோகன் பாகன் 2-1 என்று வென்றது. ஆனால் காக்கு அன்றைய இரவைப் பற்றிப் பேசும்போது ஆட்டத்தின் முடிவை ஒருமுறையும் குறிப்பிடவில்லை. பதாகையைப் பற்றி மட்டுமே பேசினார்.

சால்ட் லேக் ஸ்டேடியம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், சாலை முழுவதும் இரண்டு நிறக் கூட்டங்கள் அருகருகே நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு பக்கம் பச்சையும் அரக்குச் சிவப்பும், மறு பக்கம் சிவப்பும் தங்கமும். முகத்தில் சாயம் பூசிய பிள்ளைகளைத் தோளில் ஏற்றிய தந்தையரும், சேலைக்கு மேல் கிளப் சட்டை அணிந்த பெண்களும், லாரியில் நின்றபடி மேளம் அடித்த இளைஞர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். "ஜொய் மோகன் பாகன்" என்று ஒரு பக்கத்திலிருந்து எழுந்தால், அது முடியும் முன்பே "ஜொய் ஈஸ்ட் பெங்கால்" என்று மறு பக்கத்திலிருந்து பதில் வந்தது. அடுத்த ஆண்டு இதே மாதத்தில் இதே சாலையின் படங்களைப் பார்த்தபோது என் கண்கள் கலங்கின. 2024 ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த போரோ மேட்ச் பாதுகாப்புக் காரணத்தால் ரத்தானபோது, கொலையுண்ட இளம் பெண் மருத்துவருக்கு நீதி கேட்டு இரு கிளப்புகளின் ரசிகர்களும், மூன்றாவது பெரிய கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ரசிகர்களும் அரங்கின் வெளியே ஒன்றாகத் திரண்டார்கள். எதிரணிச் சட்டை அணிந்தவரைத் தோளில் தூக்கி நின்றவர்களை அந்தப் படங்களில் பார்த்தேன். அவர்களிடையே இருப்பதைப் பகை என்று எழுதும் பத்திரிகை நடையை அதன் பிறகு என்னால் ஏற்க முடியவில்லை.

அரங்கினுள் எங்கள் பகுதியில் இருக்கையில் உட்கார்ந்தவர் எவரும் இல்லை. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருந்தபோதே தொண்டைகள் கரகரத்துவிட்டன. 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைக் காண இதே அரங்கில் 1,31,781 பேர் கூடினார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்ற ஆட்டம் அது. இன்றைய அரங்கில் அத்தனை பேருக்கு இடமில்லை. காக்கு அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தவர். மழைக்கால வெக்கையில் மூச்சுவிட இடமில்லாமல் நின்றதையும், நான்காவது கோலின்போது முன்பின் தெரியாத ஒருவர் தம் தோளில் முகம் புதைத்து அழுததையும் நேற்று நடந்ததுபோல் சொன்னார்.

எதிர்ப்புறக் கூட்டத்துக்கும் தனக்கான நினைவு உண்டு. 1889இல் தொடங்கப்பட்ட மோகன் பாகன், 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்றது. பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்தியர்கள், பூட்ஸ் அணிந்த ஆங்கிலேயப் படைவீரர்களை வென்ற அந்த நாளை இன்றும் மோகன் பாகன் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஒரு கூட்டம் வெள்ளையரை வென்ற பெருமையையும், மறு கூட்டம் இழந்த ஊரையும் மனத்தில் சுமந்துகொண்டு ஒரே புல்வெளியைப் பார்க்கிறது. இந்தப் பற்றுக்கு இந்த நகரம் உயிர்களையும் விலையாகக் கொடுத்திருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இவ்விரு அணிகளும் ஆடிய ஆட்டத்தில் வெடித்த கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தார்கள். அந்தத் தேதி கால்பந்து ரசிகர் தினமாக நினைவுகூரப்படுகிறது. அதைப் பற்றிக் கேட்டபோது காக்கு மைதானத்தைப் பார்த்தபடியே இருந்தார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆட்டம் தொடங்கியபோது எங்கள் பகுதியில் நம்பிக்கையைவிட அச்சமே மிகுந்திருந்தது. மோகன் பாகன் அவ்வாண்டின் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வாகையர், இந்த ஆட்டம் இடம்பெற்ற டூரண்ட் கோப்பைப் போட்டியின் இதே பிரிவில் வங்கதேச ராணுவ அணியை 5-0 என்று வீழ்த்தி வந்திருந்தார்கள். அதே அணியோடு ஈஸ்ட் பெங்கால் 2-2 என்று சமனில்தான் முடித்திருந்தது. முதல் பாதி கோலின்றிக் கழிந்தது. ஒவ்வொரு முறை பந்து நம் பாதிக்குள் வந்தபோதும் என் வலப்பக்கம் நின்ற இளைஞர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

அறுபதாவது நிமிடத்தில், வலது ஓரத்தில் பந்தைப் பெற்ற நந்தகுமார் சேகர் தடுக்க வந்தவரைக் கடந்து உட்பக்கம் திரும்பி, இடக்காலால் தொலைவு மூலையை நோக்கி வளைத்து அடித்தார். வலை அசைந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு சில நொடிகள் எதையும் பார்க்க முடியவில்லை, ஏனெனில் எனக்கு முன்னாலும் பின்னாலும் இருந்தவர்கள் என்மேல் விழுந்திருந்தார்கள். நந்தகுமார் சென்னைக்காரர், அந்தப் பருவத்தில்தான் ஒடிசாவிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு வந்திருந்தார். காக்கு என் சட்டையைப் பற்றி இழுத்து, சுற்றியிருந்தவர்களிடம் என்னைக் காட்டி, "இவரும் சென்னை, இவரும் சென்னை" என்று உரக்கச் சொன்னார். அந்தக் கோலில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆயினும் பத்துப் பதினைந்து பேர் மாறி மாறி என்னைக் கட்டிப்பிடித்தார்கள். ஒரு மூதாட்டி என் தலையில் கை வைத்து வங்காளத்தில் ஏதோ வாழ்த்தினார். சொற்கள் புரியாவிட்டாலும் அந்த வாழ்த்தை இன்றும் என்னுடன் வைத்திருக்கிறேன்.

மீதி முப்பது நிமிடங்கள் ஓர் ஆண்டுபோல் நீண்டன. இறுதி ஊதல் ஒலித்ததும் காக்கு முதன்முறையாக இருக்கையில் உட்கார்ந்தார். நாலரை ஆண்டு, எட்டுத் தோல்வி, அதற்குப் பிறகு ஒரு 1-0. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அவர் நெடுநேரம் அப்படியே இருந்தார். அவரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஈலிஷ், மோகன் பாகன் வென்றால் இறால் என்பது கொல்கத்தாவின் வழக்கம். ஈலிஷ் என்பது நம் மீனவர்கள் உல்லம் என்று சொல்லும் மீன்தான். வீடு திரும்பும் வழியில் ஜாதவ்பூர்ச் சந்தையில் இறங்கினோம். வழக்கமான விலையைவிடக் கூடுதலாகவே கேட்டார் மீன்காரர், ஆனால் காக்கு பேரம் பேசவில்லை. இரண்டு மீன்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றைத் தனிப் பையில் கட்டச் சொன்னார். அது மாடியில் குடியிருக்கும் மோகன் பாகன் குடும்பத்துக்கு. கடுகை அரைத்துச் செய்த குழம்போடு நாங்கள் சாப்பிட்டு முடிக்கையில் இரவு பதினொரு மணி ஆகிவிட்டது.

செப்டம்பர் 3 அன்று அதே கோப்பையின் இறுதியாட்டத்தில் இவ்விரு அணிகளும் மீண்டும் மோதின. பத்துப் பேராகக் குறைந்த பிறகும் மோகன் பாகன், திமித்ரி பெட்ராட்டோஸின் கோலால் வென்று, பதினேழாம் முறையாகக் கோப்பையைத் தூக்கியது. சென்னையிலிருந்து தொலைபேசியில் அழைத்தேன். காக்கு உடனே எடுத்தார். மாடி வீட்டிலிருந்து தேங்காய்ப்பாலில் செய்த இறால் வந்திருப்பதாகவும், அதைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். பிறகு சற்று நிறுத்தி, நந்தகுமாருக்குக் காயம் ஏதும் இல்லையே என்று என்னிடம் விசாரித்தார்.