ஆங்கில வாக்கியத்தின் முதல் சொல்

தொடக்கநிலை ஆறில் படிக்கும் பிள்ளையின் ஆங்கிலக் கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லை மட்டும் வட்டமிடுங்கள். பெரும்பாலும் ‘ஐ, ஐ, ஹீ, தென், ஐ, சடன்லி’ என்றுதான் போகும். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வின் ஆங்கிலக் கட்டுரைக்குக் குறைந்தது 150 சொற்கள் வேண்டும். அதாவது பன்னிரண்டு, பதினைந்து வாக்கியங்கள். அவற்றில் எட்டு ‘ஐ’யில் தொடங்கினால் வாய்ப்பாடு படிப்பது போல இருக்கும்.

இதற்காகத் தொடக்கச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலத்தில் முன்னால் வைக்கும் சொல், பின்னால் வருவதைக் கட்டிப்போட்டுவிடும். அந்தக் கட்டுத் தெரியாமல் சொல்லை மட்டும் ஒட்டினால், இருந்த வாக்கியமும் கெடும்.

‘இங்’ வடிவத்தைப் பாருங்கள். ‘வாக்கிங் டு த பஸ் ஸ்டாப், த ரெயின் ஸ்டார்ட்டட்.’ இதில் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போனது மழை! காற்புள்ளிக்கு அடுத்து நிற்கும் பெயர்தான் அந்தச் செயலைச் செய்தவர். தமிழிலும் ‘கதவைத் திறந்து நாய் குரைத்தது’ என்றால் கதவைத் திறந்தது நாய்தானே? ஆனால் ‘மழை பெய்து குளம் நிரம்பியது’, இலக்கண ஆசிரியர்கள் காட்டும் ‘ஞாயிறு பட்டு வந்தான்’ (சூரியன் மறைய வந்தான்) போன்றவற்றில் இரண்டு எழுவாய்களைத் தமிழ் பொறுத்துக்கொள்ளும். அந்தச் சலுகையை ஆங்கிலத்தில் எதிர்பார்க்கும்போதுதான் நம் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். காற்புள்ளிக்குப் பின் ‘ஐ’ வரட்டும்; இல்லையென்றால் ‘ஆஸ் ஐ வாஸ் வாக்கிங்’ என்று எழுவாயை முன்பகுதியிலேயே வைத்துவிடலாம்.

‘வாக்கிங்’கா, ‘ஹேவிங் வாக்ட்’டா என்ற குழப்பத்துக்குத் தமிழே கைகொடுக்கும். ‘நடந்துகொண்டே’ என்று சொல்ல முடிந்தால் முதலாவது. ‘கதவைப் பூட்டிவிட்டு’ என்பது போல ஒன்று முடிந்து மற்றொன்று நடந்தால் ‘ஹேவிங் லாக்ட்’.

‘ஆல்தோ’வில் தொடங்கி நடுவில் ‘பட்’ போடுவது இங்கே அடிக்கடி காதில் விழும் பிழை. சீன மொழியில் அந்த இரண்டுக்கும் இணையான சொற்கள் சேர்ந்தே வரும். நமக்கோ ‘மழை பெய்தாலும் போனான்’ என்பதில் ‘ஆனால்’ கிடையாது. அதை நினைத்துக்கொண்டால் ‘பட்’ தானே நழுவிவிடும்.

‘டெஸ்பைட்’ வேறு வகை. அதற்குப் பின் ‘ஹீ வாஸ் சிக்’ என்று முழு வாக்கியம் வரக்கூடாது. ‘பீயிங் சிக்’ அல்லது ‘ஹிஸ் இல்னஸ்’ வேண்டும். பிஎஸ்எல்இ ஆங்கில இரண்டாம் தாளில் வாக்கியங்களை இணைத்து மாற்றி எழுதும் 5 கேள்விகளுக்கு 10 மதிப்பெண். பல நேரம் தொடக்கச் சொல்லைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள் என்பதால் இந்த வேறுபாடு அங்கே நேரடியாக மதிப்பெண்ணைத் தொடும். ‘நோ சூனர்’ கொடுத்தால் ‘ஹேட்’ (had) எழுவாய்க்கு முன்னால் வரும். பின்பகுதியில் ‘தேன்’ (than) வரும், ‘வென்’ அல்ல. ‘ஹார்ட்லி’க்குத்தான் ‘வென்’.

‘பிகாஸ்’, ‘பட்’ இரண்டிலும் வாக்கியத்தைத் தொடங்கலாம். ‘பிகாஸ்’ பகுதியை மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைப்பதுதான் தவறு.

ஐந்து வாக்கியப் பத்தியில் இரண்டின் தொடக்கத்தை மாற்றினாலே போதும். மற்றவை எழுவாயில் தொடங்கட்டும், அதில் ஒரு குற்றமும் இல்லை. ‘சடன்லி’யை மட்டும் அடித்துவிட்டு, திடீரென்று நடந்ததையே எழுதச் சொல்லுங்கள்: ‘த லிஃப்ட் ஜெர்க்ட் அண்ட் ஸ்டாப்ட்.’