எழுதக் கற்றுத்தரும் பத்திரிகைக்குச் சந்தா கட்டலாமா?

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் போன வாரம் ஒரு தம்பி கேட்டான், "அண்ணே, கதை எழுதச் சொல்லித்தர்ற பத்திரிகைக்குப் பணம் கட்டலாமா?" அமெரிக்காவில் இதற்கென்றே பத்திரிகைகள் உண்டு, தி ரைட்டர் 1887இல் வந்தது, ரைட்டர்ஸ் டைஜஸ்ட் 1920இல். அந்த வகையில் ஒன்றுக்கு நானும் ஒரு வருஷம் கட்டினேன். முதல் மூன்று இதழ் அமிர்தம். அப்புறம் அரைத்த மாவுதான்: முதல் வரியை எப்படித் தொடங்குவது, எழுத்தாளருக்காகப் பதிப்பகத்தோடு பேசுகிற ஏஜென்ட்டுக்குக் கடிதம் எப்படி எழுதுவது. நாம் கதையை நேராக ஆசிரியருக்கு அனுப்பிவிட்டு மாசக்கணக்கில் வாசலைப் பார்க்கிறவர்கள், ஏஜென்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அந்தக் காசைச் சிற்றிதழுக்கு, அதாவது கொஞ்சம் பேருக்காக வரும் இலக்கியப் பத்திரிகைக்கு, கட்டு என்றேன். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' என்ற சிற்றிதழ் பயிற்சிப் பத்திரிகை இல்லை, விமர்சனத்துக்காக வந்தது. ஆனாலும் புதுக்கவிதைக்கு அதுதான் வீடானது. என்னிடம் ஒரு பழைய சிற்றிதழ் இருக்கிறது, அட்டை போய்விட்டது. அதில் ஒரு கதையில் மாமியாரும் மருமகளும் பேசும் இடத்தில் 'என்றாள்' என்ற சொல்லை மட்டும் ஒவ்வொரு வரியிலும் பென்சிலால் அடித்துப் பார்த்தேன், யார் பேசுகிறார் என்பது அப்படியும் தெரிந்தது. உரையாடல் எழுத அன்றைக்குத்தான் கற்றேன்.

ஆனால் ஆயுள் சந்தா மட்டும் வேண்டாம். நான் கட்டிய ஒன்று இரண்டு இதழோடு நின்றுபோனது, ஆயுள் யாருடையது என்று கேட்க மறந்துவிட்டேன். முதலில் மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து புரட்டிப் பார், பிடித்ததற்கு மட்டும் ஒரு வருஷம் கட்டு என்றேன். தலையாட்டினான், டீக்குக் காசும் அவனே கொடுத்தான்.