மயிர் நட முதல் பின்னந்தலையைப் பாருங்கோ

தலையில் மயிர் நடுவதற்காகக் கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ் ஏறி, விடியக் கொழும்பில் இறங்கி, பத்து மணிக்கு "இந்த ரிப்போர்ட் காணாது, திரும்பி வாங்கோ" என்று கேட்க வேண்டி வந்ததன் எரிச்சல் இன்னும் போகவில்லை. அதனால் கடைசியில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறேன். போனில் "இரத்தம் பார்த்துக்கொண்டு வாங்கோ" என்று மட்டும் சொல்வார்கள். எதை எதைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முழு இரத்த எண்ணிக்கையும் சீனியும் மட்டும் போதாது. இரத்தம் உறையும் அளவு, எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சி எல்லாம் வேண்டும். வயது கூடினவர்களிடம் ஈ.சி.ஜி.யும் கேட்பார்கள். பரிசோதனை எத்தனை நாளுக்குள் செய்ததாக இருக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். அஸ்பிரின் எடுப்பவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்று உங்களுக்கு அதை எழுதிய டொக்டரிடமே கேட்க வேண்டும், கிளினிக்கில் போன் எடுக்கிற பிள்ளையிடம் அல்ல.

இன்னொரு வீண் பயணமும் உண்டு. டொக்டருக்கு வசதியாக இருக்கட்டும் என்று முதல்நாள் சலூனில் ஒட்ட வெட்டிக்கொண்டு போவது. மயிர் நீளமாக இருந்தால்தான் எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே தடிப்பாக இருக்கிறது என்று தெரியும். மழிக்கிற வேலையை அவர்கள் சத்திரசிகிச்சை அன்று பார்த்துக்கொள்வார்கள்.

இனி எந்த முறை என்ற கதை. விளம்பரத்தில் எஃப்.யூ.ரி., எஃப்.யூ.இ., டி.எச்.ஐ., சஃபையர் என்று நாலைந்து பெயர் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விலை. எல்லாமே பின்னந்தலை மயிரை எடுத்து வழுக்கையில் நடுவதுதான், எடுக்கிற வழி என்று பார்த்தால் இரண்டே இரண்டுதான். எஃப்.யூ.ரி. என்றால் பின்னந்தலையில் ஒன்று, ஒன்றரை சென்ரிமீற்றர் அகலத்தில் நீளமாக ஒரு தோல் பட்டியை வெட்டி எடுத்துத் தைத்துவிட்டு, அந்தப் பட்டியை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து, கிராஃப்ட் எனப்படும் வேரோடு கூடிய சின்ன மயிர்க்கொத்துகளாகப் பிரிப்பது. எஃப்.யூ.இ. என்றால் 0.8 முதல் 1 மில்லிமீற்றர் வரையான வட்ட ஊசியால் ஒவ்வொரு கிராஃப்டாகத் தோண்டி எடுப்பது. டி.எச்.ஐ. என்று கூடக் காசு கேட்பது நடுகிற கருவிக்கு. முதலில் துளை போட்டு வைக்காமல், பேனை மாதிரி ஒன்றுக்குள் கிராஃப்டை ஏற்றி நேரே குத்தி இறக்குவார்கள். எடுப்பது அதே எஃப்.யூ.இ. முறையில்தான். சஃபையர் துளை போடுகிற கத்தியின் பெயர், அவ்வளவுதான். "டி.எச்.ஐ. செய்தால் பின்னால் தழும்பே வராது" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தில் மற்றக் கதைகளையும் நம்ப வேண்டாம். எஃப்.யூ.இ.யிலும் தழும்பு வரும். கோடாக வராமல் வெள்ளைப் புள்ளிகளாக வரும்.

கூடக் கவனிக்க வேண்டியது கணக்கு. ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நாலு மயிர் வரை இருக்கும், சராசரி இரண்டுக்குச் சற்று மேல். "4000" என்று சொன்னால் அது மயிரா கிராஃப்டா என்று எழுத்தில் வாங்குங்கள். முன்நெற்றிப் பக்கம் 40 சதுர சென்ரிமீற்றர் என்றால், சதுர சென்ரிமீற்றருக்கு 35 முதல் 40 கிராஃப்ட் வீதம் 1400 முதல் 1600 வரை போதும். அதற்கு 3000 கேட்டால் ஏன் என்று கேளுங்கள். பின்னந்தலை வங்கிக் கணக்கு மாதிரி, எடுக்கலாம், போட முடியாது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தாலும் பலருக்கு அங்கே 5000, 6000 கிராஃப்டுக்கு மேல் தேறாது. 25 வயதிலேயே எல்லாவற்றையும் நெற்றியில் கொட்டிவிட்டால், 40 வயதில் உச்சி வெளிக்கும்போது எடுக்க ஒன்றும் இருக்காது. எஃப்.யூ.இ.யில் ஒரே இடத்தில் அளவுக்கு மிஞ்சி எடுத்தால் பின்பக்கம் பூச்சி அரித்த மாதிரி ஆகிவிடும், அதைப் பிறகு சரிக்கட்டுவது பெரும்பாடு.

எங்கள் பக்கத்தில் இதைத் தெரிவுசெய்வது தொழிலையும் பொறுத்தது. நெல் மூட்டை தூக்குகிற, மண்வெட்டி பிடிக்கிற, கடலுக்குப் போகிற ஆளுக்கு எஃப்.யூ.ரி. வேண்டாம். கழுத்தும் பின்னந்தலையும் இழுபட்டால் தையல் வடு அகலும், குறைந்தது ஒரு மாதம் பாரம் தூக்கக் கூடாது. பின்பக்கம் ஒட்ட வெட்டுகிறவர்களுக்கும் எஃப்.யூ.இ.தான். மேசை வேலை, பின்னால் கொஞ்சம் நீளமாக விடுவேன், முழுத் தலையையும் மழிக்க ஏலாது என்பவர்கள் எஃப்.யூ.ரி.யைப் பழசு என்று தள்ள வேண்டியதில்லை. நான் அதைத்தான் செய்தேன். இடது தோளில் பி.சி.ஜி. ஊசித் தழும்பு தடித்துப் புடைத்து நிற்கிறவர்கள் அதை டொக்டரிடம் காட்டுங்கள். அந்த உடம்புக்கு வெட்டுக்காயமும் அப்படித் தடிக்கலாம்.

செல்லடி (எறிகணை) பட்ட காயத் தழும்பை மறைக்க நினைக்கிறவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். அது வேறு கணக்கு. தழும்புத் தோலில் இரத்த ஓட்டம் குறைவு, நட்டதில் பிடிப்பதும் குறைவு. நல்ல டொக்டர் முதலில் கொஞ்சத்தை ஐதாக நட்டுப் பார்த்து, பல மாதம் விட்டுத்தான் மிச்சத்தை நடுவார். ஒரே நாளில் நிரப்பித் தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம். தலைக்குள் செல் துண்டு இருக்கிறது என்றால் பழைய எக்ஸ்ரேயைக் கட்டாயம் கொண்டுபோங்கள். புழுவெட்டு என்றால் நடுவதே பிழை, அதற்குத் தோல் டொக்டர்.

சத்திரசிகிச்சை நாள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விறைப்பு ஊசி நோகும், பிறகு நித்திரைதான் வரும். யார் தோண்டுவது, யார் துளை போடுவது, டொக்டர் எவ்வளவு நேரம் அறைக்குள் இருப்பார் என்பதை முற்பணம் கட்ட முதலே கேட்டுவிடுங்கள். அன்றைக்குக் கேட்டுப் பயனில்லை.

எஃப்.யூ.ரி. செய்கிறவர்கள் மறக்கக் கூடாத ஒன்று, கிளினிக்கிலிருந்து கடிதம் வாங்குவது. தையலை 10 முதல் 14 நாளுக்குள் எடுக்க வேண்டும், "ஊரிலேயே எடுக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஊரில் போன இடத்தில் என்ன நூல், உள்ளே கரைகிற தையலும் இருக்கிறதா, என்றைக்குப் போட்டது என்று கேட்டார்கள். கையில் பில் மட்டும்தான். கடிதம் இல்லாமல் தொடமாட்டோம் என்று திருப்பிவிட்டார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொழும்புக்குப் போன் மேல் போன் எடுத்து, வாட்ஸப்பில் கடிதம் வந்து சேர 17ஆம் நாள் ஆகிவிட்டது. அதற்குள் நூல் தோலுக்குள் இறங்கிவிட்டிருந்தது. எடுக்கும்போது நொந்த நோவு நட்ட அன்றைக்கு இல்லை.

திரும்பி வரும் பயணத்தில் பஸ் சீற்றின் தலைப்பக்கம் பின்னந்தலையில் உரசும், கழுத்துக்கு யு வடிவத் தலையணை வாங்கிக்கொண்டு ஏறுங்கள். அதைவிட ஆபத்து ஓட்டோ. குனிந்து ஏறும்போது மேல் கம்பியில் நெற்றி இடித்தால் நட்ட கிராஃப்ட் நாலைந்து அங்கேயே போய்விடும். இரண்டாம் நாளிலிருந்து நெற்றி வீங்கிக் கண் வரைக்கும் இறங்கும், பயப்பட வேண்டாம், தலையை உயர்த்திப் படுங்கள். ஹெல்மெற் போட முடியாது, போடாமல் ஓடினால் பொலிஸ் விடாது. ஆகவே டொக்டர் சொல்லும்வரை, இரண்டு மூன்று கிழமைக்கு, மோட்டார் சைக்கிளை மறந்துவிடுங்கள். அரிவி வெட்டுக் காலத்துத் தூசிக்குள்ளும், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வெயிலுக்குள்ளும் போய் நிற்க வேண்டியவர்கள் நாளைத் தள்ளிப் போடுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, கோப்பையால் மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வாளியால் அள்ளி ஊற்றுவது பத்து நாளுக்குக் கூடாது. பத்தாம் நாளளவில் பொருக்கு உதிரும்.

பிறகு நட்ட மயிரும் கொட்டும். இரண்டாம் கிழமை தொடங்கி ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் பெரும்பகுதி போய்விடும், காசு தண்ணீரில் போனது என்றே தோன்றும். வேர் உள்ளே இருக்கிறது. மூன்று நாலு மாதத்தில் முளைக்கத் தொடங்கும், முழுதாகத் தெரிய ஒரு வருடம், உச்சிக்கு அதைவிடக் கூட. மயிர் கொட்டுவதைக் குறைக்கிற பினாஸ்டரைட் குளிசை எழுதித் தந்தால் பக்க விளைவுகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எடுங்கள். உடைத்த குளிசையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது. அதை எடுக்கும் காலத்தில் இரத்த தானமும் கூடாது.

சலூனில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள், பின்பக்கம் நாலாம் நம்பருக்குக் கீழே மெசின் வைக்க வேண்டாம் என்று. எங்கள் ஊர்த் தம்பி கதைத்துக்கொண்டே ரெண்டாம் நம்பரை வைத்துவிட்டார். தையல் கோடு காதிலிருந்து காது வரைக்கும் தெரிகிறது, இன்னும் மூன்று கிழமைக்குத் தொப்பிதான்.