உத்திரமேரூரில் ஒரு டார்ச் லைட்

கல்வெட்டைப் படமெடுக்க முதல் தடவை உத்திரமேரூர் போனபோது உச்சிவெயில். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவருக்கு நேரெதிரே நின்று, பிளாஷ் போட்டு நாற்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் வெறும் கல். ஒரு எழுத்துகூடத் தேறவில்லை.

கல்வெட்டு என்பது கல்லில் வெட்டிய பள்ளம்தானே. பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் எழுத்து தெரியும். இந்தத் தடவை தம்பியைக் கூட்டிப்போய், டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னேன். வரிவரியாக எழுத்துகள் எழுந்து வந்தன.

“என்னண்ணே, புள்ளியே காணோம்?” என்றான். ‘க’வா ‘க்’கா என்று இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். (சுண்ணாம்புத்தூள் பூசிப் படமெடுப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டார்ச் என்ன விலை விற்கிறது?)

முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் எடுப்பதுதான் குடவோலை. அதில் பெயர் எழுத வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவன் சொந்தக்காரர்களுக்கும் இல்லை. அதைச் சொன்னதும் தம்பி சிரித்த சிரிப்பில் டார்ச் ஆடி, மூன்று படம் வீண்.

நன்றாக வந்த ஒரே படத்தின் ஓரத்தில் அவன் கட்டைவிரல். சரி, இருக்கட்டும் என்று வெட்டாமல் விட்டேன். எழுத்து எவ்வளவு பெரிது என்று அதை வைத்துத்தான் தெரிகிறது.