மூன்றரை ஓம் மீட்டர்

“தம்பி, கீழ தண்ணி கீதா, இல்லியா? ஒரே வார்த்தைல சொல்லு.”

அந்த அக்கா கேட்டது இவ்வளவுதான். 2019 ஜூன், வட சென்னையின் கொருக்குப்பேட்டையில் கால்வாய்ப் பக்கம் ஒரு சந்து. நான் சொன்னது அதைவிடக் குறைவு.

“இருக்குக்கா.”

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு பத்து நொடி இருந்திருக்கும். அந்தப் பத்து நொடிக்குள் இப்போதும் அவ்வப்போது போய் நின்றுவிட்டு வருகிறேன்.

மண்ணின் மின்தடையை அளக்கும் மீட்டர் மூன்றரை காட்டியிருந்தது. ஓம் மீட்டர் என்பது அதன் அலகு. போர் பாயின்ட், அதாவது போர்வெல் போட எங்கே தண்ணீர் இருக்கும் என்று பார்க்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாலு கம்பியைத் தரையில் அடித்து, வெளிக்கம்பி இரண்டின் வழியாக மின்சாரத்தை உள்ளே விட்டு, நடுக்கம்பி இரண்டுக்கும் இடையே எவ்வளவு வோல்டேஜ் என்று பார்ப்போம். வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க, மின்சாரம் இன்னும் ஆழத்துக்கு இறங்கும். காய்ந்த மணலாக இருந்தால் மின்தடை நூற்றுக்கணக்கில் எகிறும். நல்ல தண்ணீர் ஊறிய மணல் முப்பது, நாற்பது, ஐம்பது என்று நிற்கும். மூன்றரை என்றால் உப்புத் தண்ணீர், இல்லாவிட்டால் களிமண். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எது என்று மீட்டருக்குத் தெரியாது. ஆனால் மூன்றரையில் நல்ல தண்ணீரை எதிர்பார்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சந்தில் ஒயர் இழுக்கக் கிடைத்ததே ஐம்பது மீட்டர். அதிலும் பாதி தூரத்துக்கு அடியில் பழைய இரும்புக் குழாய். மின்சாரம் மண்ணுக்குள் இறங்காமல் குழாயைப் பிடித்துக்கொண்டு ஓடும். குறுக்கே ஒரு மீன்பாடி வண்டி ஒயர் மேல் ஏறிப் போனது. ஆக மூன்றரை என்பதே சரியான அளவுதானா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அப்படியானால் “சரியா தெரியலக்கா” என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

அந்தக் கோடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியின் தரை வெடித்துக் கிடந்தது. பன்னிரண்டு வீட்டில் வசூல் பண்ணி முப்பதாயிரம் சேர்த்து, அதை ஒரு டிபன் டப்பாவில் வைத்திருந்தார் அந்த அக்கா. பேசும்போது டப்பா மடியிலேயே இருந்தது.

இந்தக் கதையில் செவ்வாய்க் கிரகத்துக்கும் ஓர் இடம் உண்டு. அது வந்தது அதற்கு முந்தின வருஷம், 2018 ஜூலையில். செவ்வாயின் தென்துருவத்தில், பனிப்படலத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் அடியில், 20 கிலோமீட்டர் அகலத்துக்குத் திரவ நிலையில் தண்ணீர் இருப்பதாக இத்தாலியின் ராபர்ட்டோ ஒரோசெய் குழுவினர் அறிவித்தார்கள். மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்தில் இருக்கும் மார்சிஸ் என்ற ரேடார், 2012 முதல் 2015 வரை அந்த இடத்தின் மேலே 29 முறை பறந்து எடுத்த அளவுகள். கம்பி அடிக்க வேண்டாம், ஒயர் இழுக்க வேண்டாம். ரேடியோ அலையைக் கீழே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கிறார்கள். பனி அலையை உள்ளே விட்டுவிடும். அடியில் தண்ணீர் இருந்தால் கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும். அந்த ஓர் இடத்தில் எதிரொலி, சுற்றியிருந்த இடங்களைவிடப் பளிச்சென்று இருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாங்கள் பண்ணும் வேலையை அவர்கள் வானத்திலிருந்து பண்ணியிருக்கிறார்கள்! ஆபீசில் எல்லாரிடமும் சொன்னேன். முதலாளி, “அங்க ரிக் வண்டி போவுமாடா?” என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தார்.

அன்றைக்குச் சிரித்தேன். இப்போது யோசித்தால் விஷயமே அந்தக் கேள்வியில்தான் இருந்தது. அங்கே போர் போடும் ரிக் வண்டி போகாது. ஒரோசெய் சொன்னதைத் தோண்டிப் பார்க்க ஆள் இல்லை. நான் சொன்னதை மூன்றாம் நாள் தோண்டினார்கள்.

வண்டி நுழையாத சந்து என்பதால் கை போர். நாலு பேர் சேர்ந்து குழாயைத் திருகி இறக்கினார்கள். முதல் இருபத்தைந்து அடி மணல், காய்ந்து கிடந்தது. அதற்குக் கீழே எழுபது அடி வரை சாம்பல் நிறக் களிமண், பசை மாதிரி ஒட்டிக்கொண்டு. அதற்கும் கீழே கொஞ்சம் மணலும் தண்ணீரும். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தேன், லிட்டருக்கு 4,800 மில்லிகிராம். குடிநீருக்கு 500 இருக்கலாம், வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை போகலாம் என்பது அரசுத் தர அளவு. இதில் சோப்பு போட்டால் நுரைகூட வராது.

திட்டுவார் என்று நினைத்தேன். அக்கா ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

“நீ இன்னா பொய்யா சொன்ன? தண்ணி கீதுன்ன. கீது.”

அவர் குத்திக்காட்டினாரா, ஆறுதல் சொன்னாரா என்பது இன்று வரை புரியவில்லை. ஒரு நாள் இப்படித் தோன்றும், ஒரு நாள் அப்படி.

போர் போட்டால் கான்ட்ராக்டரிடமிருந்து எங்கள் ஆபீசுக்கு ஒரு தொகை வரும். ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் வராது. அன்றைக்கு அது என் மனசில் இருந்ததா? சத்தியமாக இல்லை. ஆனால் நாலு வருஷமாக ‘இருக்கு’ என்று சொல்லிப் பழகிய வாய் அது. மனசைக் கேட்டுக்கொண்டா பேசும்?

2021இல் செவ்வாய் ஏரிக்குச் சிக்கல் வந்தது. அதே ரேடார் அளவுகளில் அதே மாதிரி பளிச்சென்ற இடங்கள் இன்னும் டஜன் கணக்கில் இருப்பதை ஆதித்ய குல்லரும் ஜெஃப்ரி பிளாட்டும் காட்டினார்கள். அவற்றில் பல, தண்ணீர் உறையாமல் இருக்கவே முடியாத குளிரில் இருந்தன. கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஐசக் ஸ்மித் குழுவினர் ஸ்மெக்டைட் என்ற களிமண்ணைத் திரவ நைட்ரஜன் கொண்டு மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர வைத்து அளந்தார்கள். அதுவும் அதே மாதிரி எதிரொலி தரக்கூடியது என்றார்கள்.

களிமண்! படித்ததும் எனக்கு வந்தது சந்தோஷம்தான், மறைப்பானேன். பாருங்கள், அவர்களும் களிமண்ணில்தான் மாட்டினார்கள். அன்றைக்கே அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். என்னவென்று சொல்வது?

ராத்திரிக்குள் அந்தச் சந்தோஷம் இறங்கிவிட்டது. ஒரோசெய் குழுவின் கட்டுரைத் தலைப்பில் இருந்தது ‘ரேடார் ஆதாரம்’ என்ற வார்த்தை. ஏரி என்று பெரிய எழுத்தில் போட்டவை செய்தித்தாள்கள். மைனஸ் 68 டிகிரி குளிரில் தண்ணீர் எப்படி உறையாமல் இருக்கும் என்ற கேள்விக்கு, பெர்குளோரேட் உப்பு நிறையக் கரைந்திருக்கலாம் என்று அவர்களே விளக்கமும் வைத்திருந்தார்கள். அதாவது இருந்தாலும் உப்புத் தண்ணீர் என்று முதல் நாளே சொன்னார்கள். நான் அதைச் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் களிமண் ஏமாற்றும் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் மாசமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

அவர்களிடம் யாரும் ஒரே வார்த்தையில் பதில் கேட்கவில்லை என்பதும் உண்மைதானே. டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் நான் மாறிவிட்டேன் என்று சொல்ல ஆசை. ஆபீஸ் மாறினேன். ரிப்போர்ட்டில் குறிப்புப் பகுதியை நிரப்பத் தொடங்கினேன். போன மாசம் தண்டையார்பேட்டையில் ஒரு வீடு. மீட்டரில் ஆறு ஓம் மீட்டர். வீட்டுக்காரரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். களிமண்ணாக இருக்கலாம் சார், உப்புத் தண்ணியாக இருக்கலாம், இந்தப் பக்கம் கடல் தண்ணீர் உள்ளே ஏறியிருக்க வாய்ப்புண்டு, மேல் மணலில் மழைக்காலத்தில் கொஞ்சம் நல்ல தண்ணீர் நிற்கும், அதற்கு ஆழ போர் தேவையில்லை, என் கணிப்பு தப்பாகவும் போகலாம். கால் மணி நேரம் பேசியிருப்பேன். அவர் கவனமாகக் கேட்டார். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் முடித்ததும் செல்போனை எடுத்து ரிக் வண்டிக்காரருக்குப் போன் போட்டார்.

“சார் பாத்துட்டாரு. இருக்குன்றாரு.”