ரத்தத்தில் ஈயம்: சோதனை எடுத்த அனுபவம்

பழைய மரக் கதவு, ஜன்னல்களின் பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுப்பித்துக் கொடுப்பது என் தொழில். பழைய பெயின்டில் ஈயம் கலந்திருக்கும். தேய்க்கும்போது கிளம்பும் தூசி மூச்சோடும், கையோடும் உள்ளே போகும். சில மாதங்களாக வயிற்றில் இழுத்துப் பிடிக்கிற வலி, மலச்சிக்கல், எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி. சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டரிடம் போனேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கும், வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டாக்டர் உடனே சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. கேள்விகள் கேட்டார். மரம் எவ்வளவு பழையது, ஈரப்படுத்தித் தேய்ப்பேனா காயவைத்தா, என்ன முகமூடி, வேலை உடையை எங்கே மாற்றுவேன், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், மூலிகை மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா, சிகரெட் பழக்கம் உண்டா. "மொத்தமா எல்லா உலோகத்தையும் பார்த்துடலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "எதைத் தேடுறோம்னு தெரிஞ்சாதான் எதுல தேடணும்னு தெரியும்" என்றார்.

அதன் அர்த்தம் போகப் போகப் புரிந்தது. ஈயத்துக்கு ரத்தம்தான் சரியான சோதனை. ஆர்சனிக் ரத்தத்தில் அதிக நேரம் தங்காது என்பதால் சிறுநீர் பார்க்க வேண்டும். பாதரசத்தில் மீன் வழியாக வருகிற வகைக்கு ரத்தம். ஆவியாக மூச்சில் போகிற வகைக்குச் சிறுநீர். காட்மியம் என்றால், சமீபத்தில் பட்டது ரத்தத்திலும், வருஷக்கணக்கில் சேர்ந்தது சிறுநீரிலும் தெரியும். அது சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பாதியாகக் குறையவே 10 வருடத்துக்கு மேல் ஆகலாம். புகை பிடிப்பவர்களுக்கு எப்போதுமே காட்மியம் கூடுதலாக இருக்கும், சிகரெட் பற்றிக் கேட்டது அதற்காகத்தான்.

லேபில் வேறு மாதிரி பேசினார்கள். முடியை வெட்டிக் கொடுத்தால் ஏகப்பட்ட உலோகம் பார்ப்போம், இல்லையென்றால் ஒரு மாத்திரை சாப்பிட்டுவிட்டுச் சிறுநீர் கொடுங்கள், உள்ளே ஒளிந்திருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும் என்றார்கள். டாக்டரிடம் கேட்டேன். இரண்டும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த மாத்திரை உலோகத்தைப் பிடித்து வெளியே தள்ளும் மருந்து. அதைச் சாப்பிட்டால் ஆரோக்கியமாக இருப்பவருக்கும் சிறுநீரில் உலோகம் கூடும். ஆனால் ரிப்போர்ட்டில் ஒப்பிட்டுக் காட்டும் இயல்பு அளவோ மருந்து சாப்பிடாதவர்களுடையது. அப்புறம் எல்லார் ரிப்போர்ட்டும் சிவப்பாகத்தானே வரும்? அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று வெளிப்படையாகவே அறிக்கை விட்டிருக்கிறது. பயந்து போய் நிற்கிறவர்களிடம் இப்படி ஒரு சோதனையை விற்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. இந்த வகை மருந்தைத் தேவையில்லாமல், அதிலும் தவறான வகையை ஏற்றியதில் ரத்தத்தில் கால்சியம் சரிந்து குழந்தைகள் இறந்ததுகூட நடந்திருக்கிறது.

ரத்தம் எடுப்பது சுலபமாக முடிந்தது. வெறும் வயிறு தேவையில்லை. உலோகக் கலப்பில்லாத தனிக் குழாயில் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சீட்டிலேயே எழுதியிருந்தார்.

என் அளவு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு, 22 மைக்ரோகிராம். இதில் அலகைக் கட்டாயம் பாருங்கள். சில லேபுகள் லிட்டர் கணக்கில் போடுவார்கள், அப்போது இதே அளவு 220 என்று இருக்கும். டெசிலிட்டருக்கு 5-ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலோகத்தை வெளியே தள்ளும் அந்த மருந்தை ஏற்ற வேண்டுமா என்று பதறினேன். இந்த அளவுக்குத் தேவையில்லை, தூசி உள்ளே போவதை நிறுத்துவதுதான் வைத்தியம் என்றார் டாக்டர்.

அடுத்து அவர் கேட்டது என் மகளைப் பற்றி. அவளுக்கு இரண்டு வயது. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கிற வயது. வேலை உடையோடு வீட்டுக்கு வருகிற தூசி அவளுக்குத்தான் அதிகம் சேரும், அதுவும் குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிட ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். விரலில் குத்தி எடுத்த சோதனையில் 11 காட்டியது. அன்று இரவு நானும் மனைவியும் தூங்கவில்லை. ஆனால் விரல் சோதனையில் தோலில் ஒட்டியிருக்கும் தூசியே ரத்தத்துளியில் கலந்து அளவைக் கூட்டிவிடலாம், அதனால் நரம்பில் எடுத்து உறுதி செய்யாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று டாக்டர் சொன்னார். இந்த முறை நர்ஸ் அவள் கையைப் பிடித்து, முழங்கை மடிப்பு வரை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் ஊசியைத் தொட்டார். முடிவு 6. நிம்மதி என்று சொல்ல முடியாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் குழந்தைகளுக்கு வைத்த எல்லையே 3.5. கூடவே இரும்புச்சத்தும் குறைவாக இருந்தது. இரும்பு குறைந்தால் ஈயம் இன்னும் சுலபமாக உடம்பில் ஏறும் என்பதால் அதற்கு மட்டும் மருந்து கொடுத்தார்.

கூட வேலை செய்கிற அண்ணனும் என்னைப் பார்த்துவிட்டுப் போய்ச் சோதித்துக்கொண்டார். அவர் அறுப்பது பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் மருந்து ஏற்றிய பழைய மரம், அதனால் அவருக்குச் சிறுநீர்ச் சோதனை. முதல் முடிவில் ஆர்சனிக் எக்கச்சக்கமாக இருந்தது. முந்தின நாள் அவர் மீன் சாப்பிட்டிருக்கிறார். கடல் உணவில் இருக்கிற ஆர்சனிக் வகை பெரும்பாலும் தீங்கில்லாதது, ஆனால் மொத்தக் கணக்கில் அதுவும் சேர்ந்துவிடும். சில நாள் மீன், இறால் எதையும் தொடாமல் இருந்து, வகை பிரித்துப் பார்க்கும் சோதனை எடுத்ததில் அளவு சரியாகவே இருந்தது. படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றி ஸ்கேன் எடுத்திருந்தாலும் இந்தச் சோதனைகள் குழம்பும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது நான் மரத்தை ஈரப்படுத்தித்தான் தேய்க்கிறேன். செருப்பும் உடையும் பட்டறையைத் தாண்டுவதில்லை, குளித்த பிறகுதான் மகளைத் தூக்குகிறேன். வீட்டில் துடைப்பத்தை விட்டுவிட்டு ஈரத்துணியால் துடைக்கிறோம். ரத்தத்தில் இருக்கும் ஈயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகும் என்றாலும், எலும்பில் படிந்தது பல வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்பிக்கொண்டே இருக்குமாம். அதனால் என்னுடையது மெதுவாகத்தான் இறங்குகிறது, கடைசியாகப் பார்த்தபோது 15. மகளுடையது 4-க்கு வந்திருக்கிறது. அது 3.5-க்குக் கீழே போய் அங்கேயே நிற்கும் வரை சோதனையைத் தொடர வேண்டும், ஒவ்வொரு முறையும் அதே லேபில், நரம்பிலேயே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.